முழங்கைக்கு எட்டாத துணி

ராயபுரத்தில் ஃப்ளோரன்ஸிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்களில் "துணி பத்தாதுக்கா" என்பதைக் கேட்காமல் வீடு திரும்பியவர் யாருமில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, துணியை உதறிப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டுத்தான் சொல்வாள். அந்தப் பெருமூச்சுக்கே பாதிப் பேர் கையைக் குட்டையாக்கச் சம்மதித்துவிடுவார்கள்.

மிஞ்சியதெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கோணிப்பைக்குப் போகும். அதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெட்டுத்துணி தையல்காரிக்குச் சேர்ந்தது, அவ்வளவுதான். பைக்குள் போனபின் எது யார் வீட்டுத் துணி என்பதை மனசார மறந்தும் விடுவாள். அந்த மறதியைத் தன் நல்ல குணங்களில் ஒன்றாக வைத்திருந்தாள்.

இந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவில் அவளுக்கும் ஒரு கடை கிடைத்தது. பாட்டுக்குழுப் பெண்களின் கிறிஸ்துமஸ் ஜாக்கெட்டுகளை யாரிடம் தைக்கக் கொடுப்பது என்று மாதர் சங்கத் தலைவி கரோலின் யோசித்துக்கொண்டிருந்த நேரம். அந்த வேலைக்காக ஃப்ளோரன்ஸ் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். கோணிப்பையைக் கொட்டிச் சதுரம் சதுரமாக வெட்டினாள். ஒட்டுப்போட்டு, உள்ளே பழைய டவலை வைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டி, மூலையில் மாட்டுவதற்கு ஒரு வளையமும் வைத்தாள். சூடான பாத்திரத்தை இறக்குகிற கரித்துணிதான். அவள் வாயில் அது 'குயில்ட் பேட்' ஆகிவிட்டது.

"கரித்துணிக்கு இன்னாமே இம்மாம் பவுசு?" என்றான் துறைமுக வேலைக்குக் கிளம்பிய புருஷன் ஜெரால்ட்.

"ஒனக்கு இன்னாயா தெரியும்? இத்த பாத்தா கரோலின் அக்கா மொத்த ஜாக்கெட்டையும் என் கையில குட்த்துடும்."

கடையில் எல்லாவற்றையும் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டாள். நட்டநடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி, மயில்கழுத்துப் பச்சைப் பட்டில் மாங்காய் ஜரிகை போட்ட ஒன்று.

முதலில் வந்த ஜூடி ஒன்றைத் தடவிப் பார்த்தாள். "இது என் ஈஸ்டர் ஜாக்கெட்டு துணி மாரியே கீதே?"

"கடையில ஒரே மாரி ஆயிரம் துணி விக்கிறான்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"இந்த மஞ்சப் பூ என்னுது" என்றாள் பின்னால் வந்த ரேச்சல். ஃப்ளோரன்ஸ் சிரித்துச் சமாளித்தாள். கரோலின் வந்து பச்சைப் பட்டின் முன் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

கரோலினுக்கு முழங்கைக்கு மேலே சுடுகஞ்சி கொட்டிய தழும்பு உண்டு. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இந்தப் பட்டை வாங்கிவந்து, "தழும்பு மறையற மாரி முழங்கை வரைக்கும் கை வெச்சுடு ஃப்ளோரன்ஸ்" என்று தணிந்த குரலில் கேட்டவள். அன்றும் ஃப்ளோரன்ஸ் பெருமூச்சு விட்டாள். அந்த நாளின் போட்டோ கரோலின் வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது. அதில் தாய் ஒரு கையை மகளின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிறாள்.

கரோலின் கத்தவில்லை. அந்தப் பச்சைப் பட்டைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தன் தழும்பின் மேல் வைத்தாள்.

"மறையுதா, ஃப்ளோரன்ஸ்?"

அளவு பிசகாமல் மறைத்தது. அளவெடுத்தே பிழைத்தவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வேல உனக்குதான்" என்றாள் கரோலின். "ஒன்ன மாரி தைக்க இங்க ஆளில்ல, அதான் பேஜாரு. ஆனா சங்கத்து ரூம்ல, எங்க எதுர்ல உக்காந்து வெட்டு."

அப்படியே நடந்தது. ஃப்ளோரன்ஸ் வெட்ட, ஜூடியும் ரேச்சலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு எதிரில் உட்கார்ந்து, விழுந்த துண்டையெல்லாம் பொறுக்கிக்கொண்டார்கள். ஒரு பெருமூச்சுக்குக்கூட அங்கே இடமில்லை.

கிறிஸ்துமஸ் பூசையில் பாட்டுக்குழு எழுந்து நின்றது. அத்தனை பேருக்கும் முழங்கை வரை கை. முன்வரிசையில் கரோலின் இரண்டு கையையும் மேலே தூக்கித் தாளம் போட்டுப் பாடினாள். ஃப்ளோரன்ஸுக்கு ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவமானமாக இருந்தது.