கல்லறைச் சுவரில் நடந்த புள்ளி

கரண்டு வேலை பார்க்கிறவன் நான். பல்பு எரிந்தால் எங்கேயோ கம்பி தொடுகிறது என்று அர்த்தம், தொடாமல் எரியாது. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இப்போது எழுந்து போகலாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் பந்தல்குடியில் திருவிழாவுக்குப் பல்பு கட்டுகிற சீரியல் செட் கடை வைத்திருந்தேன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் பக்கத்தில்தான். அந்த ஊர்க் கோயிலில் கல்லறைத் திருநாளுக்கு, இறந்தவர்களின் பெயர்களைக் கல்லறைச் சுவரில் போர்டு வைத்துப் பல்பில் ஓடவிடச் சொன்னார்கள். நீளமான ரெக்சின் துணியில் எழுத்து எழுத்தாகத் துளை போட்டு, மோட்டார் வைத்து நகர்த்த வேண்டும். துளை வரும் இடத்தில் கம்பி பித்தளைத் தகட்டைத் தொடும், பல்பு எரியும், பெயர் போர்டில் நடந்து போகும். கோயில் பதிவேட்டில் இருக்கிற பெயர்கள் மட்டும்தான் என்று, சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்காவின் முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதனால் பெயரும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை. கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்திருந்தார்கள்.

"ஏலே தம்பி, பேரு இல்லாட்டிப் போகுது. கடைசியில ஒரே ஒரு புள்ளி வையிடா, எனக்கு அது போதும்" என்றாள்.

"உபதேசியார் வைவாகக்கா."

அந்த ஒரு வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

திருநாள் சாயங்காலம், பூசை முடிந்து ஊரே சுவருக்கு எதிரே நின்றது. கடைசிப் பெயர் போனதும் கொஞ்ச தூரம் வெறும் துணி, போர்டு இருட்டாக இருக்க வேண்டும். வலது ஓரத்தில் ஒரு பல்பு எரிந்தது. அது அணைந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒற்றைப் புள்ளி அவசரமில்லாமல் நடந்து இடது ஓரத்தில் மறைந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு "வச்சிட்டியாடா" என்று அழுதாள். நம்பினால் நம்புங்கள், நான் வைக்கவில்லை. மோட்டாரை நிறுத்தி, துணியை அவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். ஊசி குத்திய ஓட்டைகூட இல்லை. அக்காவிடம் "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பொய்யை மெய்யாக்கலாம் என்று, மறு வருஷம் யாருக்கும் தெரியாமல் நானே அந்த வெறும் துணியில் ஒரு துளை போட்டேன். புள்ளி நடந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு புள்ளியும் நடந்தது.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் தள்ளி, உபதேசியாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை உபதேசியார் கடைக்கு வந்தார்.

"ரெண்டாவதையும் நீயே போட்டுரு தம்பி. எங்களுக்குக் கல்யாணமான மறு வருசம் பொறந்தது, ஞானஸ்நானத்துக்கு முந்தியே போயிருச்சு. பதிவேட்ட நாந்தான எழுதுறேன், அதுல எழுத முடியல" என்றார்.

போட்டேன். அதன் பிறகு எத்தனையோ வருஷம் ஓட்டிவிட்டேன், மூன்றாவது வரவில்லை. ஆனாலும் பெயர்கள் முடிந்து அந்த வெறும் துணி வரும்போது, இப்போதும் நான் போர்டைப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் யார் மண்ணில் உட்காருகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.