நான் மேய்த்த பதினோரு ஆடுகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாலக்கோடு பக்கத்தில் நடந்தது இது. எங்கள் கிராம ஊராட்சியைக் கலைத்துப் பக்கத்துப் பேரூராட்சியோடு இணைத்திருந்தார்கள். அங்கே நான் எழுத்தர். எங்கள் பக்கம் சின்னக் குடியிருப்புகளைக் கொட்டாய் என்போம். அப்படி இருந்த நான்கு கொட்டாய்களும் 15 முதல் 18 வரை வார்டுகளாகிவிட்டன. அங்கே எனக்குத் தெரியாத சந்து கிடையாது. அதனால் பழைய பெயர்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு, வார்டு நம்பர் போட்ட புதுப் பலகைகளை நானே நின்று மாட்டவைத்தேன். கீழே என் செல் நம்பரையும் எழுதச் சொன்னேன்; கொஞ்சம் பெருமைதான்.

ஒரு நாள் மதியம் ஆம்புலன்ஸ் டிரைவர் கூப்பிட்டார். "சார், புளியமரத்துக் கொட்டாய்ல தக்காளி பறிச்சிட்டிருந்த அம்மாவ பாம்பு கடிச்சிருச்சாம். போர்டுல ஊர் பேரே இல்லீங்க. எந்தப் பக்கம் போவட்டும்?"

"பதினாறுக்குப் போங்க" என்றேன், யோசிக்காமல்.

நானும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது. முதல் பட்டியலில்தான் அது 16. கடைசி உத்தரவில் 18 ஆகிவிட்டது. பலகை மாட்டியவனே நான்தான்! டிரைவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. நேராகப் பதினாறுக்கே பைக்கை முறுக்கினேன்.

பதினாறாவது வார்டில் வண்டியைக் காணோம். சோளக்காட்டு ஓரம் பதினோரு ஆடுகள் மட்டும் நின்றன. அப்போது டிரைவரே கூப்பிட்டார். "ஆடு மேய்ச்சிட்டிருந்த அம்மா, அது ஏரிக்கு அந்தாண்டன்னு சொல்லி வண்டியில ஏறி வழி காட்டிட்டாங்க சார். கடிபட்டவங்க கூட ஆள் இல்லாததால ஆஸ்பத்திரிக்கும் வராங்க. நீங்க ஆடுங்கள பாத்துக்கணுமாம்."

வேலியில் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்று மணி நேரம் ஆடு மேய்த்தேன். ஒரு கருப்பாடு என்னை மதிக்கவே இல்லை, சோளத்துக்குள்ளேயே பாய்ந்தது. மனசு முழுக்க ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. பாம்பு கடித்த, முன்பின் பார்த்திராத அந்த அம்மா பிழைக்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை.

சாயங்கால பஸ்ஸில் ஆட்டுக்காரப் பெண் வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்ததுமே, "பொழச்சிக்கிச்சுங்க சார். இன்னும் லேட்டாயிருந்தா கஷ்டம்னு டாக்டரு சொன்னாரு" என்றார். அப்புறம்தான் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டியைத் தப்பாக அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஊர் பேரச் சொன்னா வழி சொல்லிருவேன்" என்றார்.

அந்த வாரமே நான்கு பலகைகளையும் மாற்றினேன். ஊர்ப் பெயர் மேலே பெரிதாக, நம்பர் கீழே சின்னதாக. யார் உத்தரவு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன், சொல்லியும் விட்டேன்.

இன்றைக்கும் அங்கே எனக்குத் தெரியாத சந்து கிடையாதுதான். ஆனால் பாம்பு கடித்துப் பிழைத்த அந்த அம்மா தக்காளிச் சந்தையில் எதிரே வந்து சிரிக்கும்போதெல்லாம், தன் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியேறிய எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணைத்தான் என் மனசு கும்பிடுகிறது.