வன்னி மரத்தடியில் ஒரு படையல்

மாமனாருக்கு முதல் திதி வந்தபோது எங்களுக்குப் பெரிய கவலையே காக்கைதான். வாழையிலை கிடைத்துவிட்டது. ஊரிலிருந்து ஐயர் வீடியோ காலில் மந்திரம் சொல்லவும் ஒப்புக்கொண்டார். சோற்றை எங்கே வைப்பது? ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பால்கனியில் ஒரு பருக்கை விழுந்தால் போதும், வாட்ச்மேன் கதவைத் தட்டிவிடுவார். மொட்டை மாடிக்கோ பூட்டு.

என் கணவருக்கு அது வெறும் சடங்கு இல்லை. அப்பா போன செய்தி வந்து, லீவு வாங்கி, டிக்கெட் எடுத்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்த பிறகு மனுஷன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. திதிக்கு முதல் நாள் மட்டும் சொன்னார், "காக்கா எடுக்காம நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்." சொன்னால் சொன்னதுதான். உடம்பில் சர்க்கரை வேறு.

அவர் ஆபீஸில் யாரோ வழி சொன்னார்கள். ஊருக்கு வெளியே பாலைவனத்தைப் பாதுகாப்பு நிலமாக வேலி போட்டு வைத்திருக்கிறார்களாம், மான் இருக்கிறதாம், பகலில் யாரும் போய்ப் பார்க்கலாமாம். காக்கையும் வருமாம். "அங்க வன்னி மரமெல்லாம் நிக்குதாம்டி," என்றார். இங்கே காஃப் என்கிற மரம் நம் கோயில்களில் நிற்கும் வன்னியேதான். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. மறுநாள் காலையில் மந்திரம் முடிந்ததும் கிளம்பினோம்.

வாசலிலேயே பெரிய போர்டு. உணவு எதுவும் போடாதீர்கள் என்று எழுதி, காக்கைப் படம் வரைந்திருந்தார்கள். காக்கை இந்த மணலின் பறவை இல்லை, மனிதர்கள் சிந்துகிற சோற்றைத் தேடி வருகிறது, வந்த இடத்தில் தரையில் முட்டையிடும் பறவைகளின் முட்டைகளைத் தின்றுவிடுகிறது என்று விளக்கம் வேறு. நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"அது பிரியாணிய அள்ளிட்டு வந்து மிச்சத்தக் கொட்டிட்டுப் போறவங்களுக்கு. நம்மளது மிச்சமா? படையல்டி."

வாஸ்தவம்தானே என்று எனக்கும் பட்டது. எச்சில் வேறு, படையல் வேறு. நம் ஊரில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. காக்கைக்கு அதெல்லாம் தெரியுமா என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. காரை உள்ளே விட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

மான்களுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மரத்தடியில் இலையை விரித்து, சோற்றை உருட்டி வைத்தார். வேட்டியும் துண்டுமாக நின்று "கா, கா" என்று கூப்பிட்டார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை வந்து கிளையில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"வாங்கப்பா," என்றார். "நான்தான்ப்பா. வந்துட்டேன்."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கைகூப்பியபடி நின்றார். முதல் காக்கை இறங்கி, இலையைத் தலை சாய்த்துப் பார்த்தது. பார்த்துவிட்டு, தாண்டி நடந்தது.

தொட்டி ஓரத்தில் ஓர் ஆட்காட்டிக் குருவி வீலென்று கத்திக்கொண்டு எழும்பியபோதுதான் அது அங்கே அடைகாத்துக்கொண்டிருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. வெறும் தரையில், கூழாங்கற்களோடு கல்லாக நான்கு முட்டைகள். ஒரு காக்கை அந்தப் பறவைக்குப் போக்குக் காட்டி இழுத்தது. மற்றது சாவகாசமாக ஒரு முட்டையைக் கொத்தி உடைத்துத் தின்றுவிட்டு, அடுத்ததைப் பார்த்தது.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்கு, அவர் எதிரில், அந்தக் காக்கையைப் போய்!

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. அப்புறம் தோளில் கிடந்த துண்டை உருவிச் சுழற்றிக்கொண்டு ஓடினார்.

"போங்கப்பா! வேணாம்ப்பா! அதுங்க பச்சப் புள்ளைங்கப்பா, விட்டுருங்கப்பா! போங்க!"

விரட்டும்போதும் மரியாதை குறையவில்லை. காக்கைகள் இரண்டும் வேலியைத் தாண்டிப் பறந்துபோயின. அவரும் நானும் தள்ளி வந்து, காருக்குப் பின்னால் நின்றோம். குருவி வெகுநேரம் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டு, மிச்சமிருந்த மூன்றின்மேல் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் மெல்லப் போய், இலையை அப்படியே மடித்து எடுத்துவந்தார். மணலில் சிந்தியதையும் ஒரு பருக்கை விடாமல் பொறுக்கினார்.

காரில் உட்கார்ந்ததும், "அப்பாவ வெரட்டி விட்டுட்டேன்டி," என்றார்.

"வாயக் கழுவுங்க. உங்கப்பா முட்டை திருடுவாரா?" வெடுக்கென்று சொல்லிவிட்டேனே தவிர, காக்கை சோற்றைத் தொடவே இல்லையே. அவர் இனி அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். சாயங்காலம் எங்காவது மயங்கி விழுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் மடியில் இலையைப் பிரித்தார். காக்கை தொடாத சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றவர் நிறுத்தினார்.

"உப்பே போடலையாடி?"

படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. நானும் எடுத்து வாயில் வைத்தேன். கடவுளே, சப்பென்று இருந்தது.

"நல்லவேளை," என்றார், "அப்பா சாப்பிடல." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, அப்பா போன பிறகு முதல்முறையாக ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார்.