வெயிலில் காயப்போட்ட கன்னம்

அக்காவின் இடது கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தபோது அவளை அத்தை மகனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்தாகிவிட்டது. அப்பாவின் அக்காவான அத்தை பார்க்க வந்தாள். மாடு பிடிக்க வந்தவள் மாதிரி முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தைக்குள்ள சரியாச்சுன்னா கல்யாணம். இல்லன்னா என்னைக் குத்தம் சொல்லாத தம்பி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

குடவாசல் வைத்தியர் கார்போகரிசி எண்ணெய் கொடுத்தார். கன்னத்தில் தடவி, காலை இளவெயிலில் சற்று நேரம் நின்று, உடனே கழுவிவிட வேண்டும். அதற்கு மேல் ஆகாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்பா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஈர நெல்லுக்கு எவ்வளவு வெயில் அடித்தாலும் தகும் என்றே வாழ்ந்த மனிதர். பெண்ணும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டார்.

அது குறுவை அறுவடை நேரம். மழையில் நனைந்த நெல்லைத் தார்ச்சாலையில் ஒரு பக்கமாகப் பரப்பியிருந்தோம். ஆடு மாடு வாய் வைக்காமல் பார்க்க ஆள் வேண்டும். அக்காவுக்கோ வெயில் வேண்டும். அப்பாவுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. "சும்மா நிக்கிறதுக்கு நெல்லுக்குக் காவலா உக்காரட்டுமே" என்றார். கன்னத்தில் எண்ணெயைத் தடவி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை ரோட்டோரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவள் குடை கேட்டாள். "குடை புடிச்சா மருந்து எப்படி வேலை செய்யும்?" என்றார்.

அன்று மாலை கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சுடவே இல்லப்பா" என்றாள் அந்த வெகுளி. அதுவே வினையானது. வெயில் போதவில்லை என்று மறுநாளும் எண்ணெயை அழுத்தித் தேய்த்து உட்கார வைத்தார். அதற்கடுத்த நாள் கன்னம் சிவந்து வீங்கியது. பிறகு கொப்புளங்கள் கிளம்பின. கன்னத்தில் ஒட்டிக்கொண்ட தலையணை உறையைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

தஞ்சாவூரில் தோல் டாக்டர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "சூடு வேற, புற ஊதாக் கதிர் வேறங்க. அது உள்ள போறப்ப சுடாது. இந்த எண்ணெய் தடவின தோல் அதை அப்படியே இழுத்துக்கும். தோல் வெந்தது ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளியில தெரியும். சுடலன்னு மறுபடியும் உக்கார வச்சிருக்கீங்களே" என்றார். அப்பா கேட்டது ஒன்றுதான்: "தைக்குள்ள ஆறிடுங்களா?"

ஆறியது. வெந்த இடமெல்லாம் வெள்ளையாகவே ஆறியது. காசளவு இருந்தது காதைச் சுற்றிக் கழுத்துவரை இறங்கிவிட்டது.

தை பிறந்ததும் அத்தை வந்தாள். அக்காவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பொண்ணை இப்படியா வெயில்ல போடுவ? உனக்கு அறிவு இருக்கா?" என்று அப்பாவைத் திட்டினாள். அந்த எண்ணெயைக் கொதிக்க வைத்து அவள் வாயில் ஊற்ற வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அக்கா உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கதவோரமாகவே நின்றாள்.

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"சின்னவளுக்கு எங்கயும் இல்லையே?" என்று கேட்டபடியே என் கையைப் பிடித்து, சுடிதார் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினாள். நான் உதறிவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

"காட்டும்மா" என்றார் அப்பா. "அத்தைதானே."