வேலியோரத்து ஸ்டாப்

என் சின்ன மாமன் திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். மீசை வைத்த ஓர் ஆள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொடிசுகளோடு பஸ் விளையாட்டு விளையாடினால் சந்தேகம் வருமா வராதா? எட்டு வயதில் எனக்கு வந்தது. அதுவும் பஸ் ஓட்ட எதற்கு இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் பவுடர்?

கம்பெனியில் கழித்துப்போட்ட துணிப் பட்டைகளை முடிச்சுப் போட்டுச் செய்த கயிறுதான் பஸ். மாமன் முன்னால் நின்று ஓட்டுவார். நாங்கள் ஐந்து பேர் பின்னால். பொங்கலூரில் கிளம்பி ஊட்டிக்குப் போனாலும் பழனிக்குப் போனாலும், வண்டி கடைசியில் பக்கத்துத் தோட்டத்து வேலியோரம் வந்துதான் நிற்கும்.

“பத்து நிமிசம் வண்டி நிக்கும். பாசஞ்சரெல்லாம் கண்ண மூடித் தூங்கோணும்” என்பார்.

ஒருநாள் ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். மாமன் வேலிச் சந்துக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். தன் முருங்கைக்காயை யாரோ களவாடுவதாக அந்தத் தோட்டத்துப் பெரியவர் ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவர் மகள், மாமனோடு ஒரே கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். காய்க்குக் காவல் நிற்கிறாள், அவளையும் மாமன் ஏமாற்றுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாளே பெரியவரிடம் போனேன். “உங்க முருங்கக்காயப் பறிக்கறது எங்க மாமனுங்க. ஞாயித்துக்கெழம வேலியோரம் வந்து பாருங்க.”

“அப்பிடியா கண்ணு?” என்றார்.

அந்த ஞாயிறு நான் நேர்மையாகவே கண்ணை மூடியிருந்தேன். திடீரென்று ஒரே கூச்சல். திறந்து பார்த்தால் பெரியவர் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் போகிறார். மாமன் தலை குனிந்து நிற்கிறார். அவ்வளவு ஏச்சிலும் முருங்கைக்காய் என்ற பேச்சே வராதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த மாதமே அக்காவைக் குன்னத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் கல்யாணத்துக்குப் போனோம், மாமனைத் தவிர. திரும்பி வந்து, பந்தியில் வைத்ததையெல்லாம் அவரிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

“பொண்ணு எப்பிடி இருந்துச்சு கண்ணு?”

“நான் பாக்கலீங்க மாமா. மொதப் பந்திக்கு ஓடீட்டனுங்க. ரெண்டு ஜிலேபி வெச்சாங்க.”

மாமன் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு ஒரு ஜிலேபி எடுத்து வராத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.