பெண்டாட்டிக்காக ஒரு அமுக்கு

விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் அவருக்குக் கிரீஸ் அண்ணன் என்றுதான் பெயர். இறக்கையோ சக்கரமோ, எங்கே பேரிங் சுழல்கிறதோ அங்கே அவர் கை போகும். வீட்டையும் விட்டுவைக்கவில்லை மனுஷர். கதவு, ஜன்னல், மேஜை இழுப்பறை எதுவும் முனகக்கூடாது. "திருடன் வந்தாலும் தெரியாது, நீங்க வந்தாலும் தெரியாது" என்பாள் மனைவி.

அந்த மனைவி அன்று மாலை முதல்முறையாக விமானம் ஏறுகிறாள். வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுக்குமுன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எந்த விமானம் என்று தெரிந்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு நான்தான் கிரீஸ் வைப்பேன் என்று அடம்பிடித்து வேலையை வாங்கிக்கொண்டார். கச்சிதமாக முடித்தார். அதோடு இறங்கி வந்திருக்கலாம். மனசு கேட்டால்தானே! கிரீஸைப் பீய்ச்சும் கன் ஒன்றைக் கைக்குக் கிடைத்தபடி எடுத்து, இறக்கையின் பேரிங் ஒன்றுக்கு இன்னும் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு வந்தார், பெண்டாட்டிக்காக.

டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. எடுத்தது சக்கரத்துக்கான கன். இரண்டு கிரீஸும் பார்க்க ஒரே நிறம். ஆனால் ஒன்றோடொன்று சேராது. கலந்தால் நாளடைவில் இளகி வழிந்துவிடும், பேரிங் காய்ந்து தேயும். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. வாயை மூடிக்கொண்டால் அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

டீயை அப்படியே வைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் போய் நின்றார்.

"சாயங்கால விமானத்துல இறக்கை பேரிங் ஒண்ணுல கிரீஸை மாத்திப் போட்டுட்டேன் சார்."

"நீங்களாண்ணே?" என்றவர், சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் விமானத்தை நிறுத்திவைத்தார்.

சரியான கிரீஸை அழுத்தி அழுத்தி, உள்ளே இருந்தது முழுக்க வெளியே வரும்வரை துடைத்தெடுத்தார் அண்ணன். இன்னொருவர் வந்து சரிபார்த்தார். கை இங்கே இருந்தது, மனம் மகளிடம் கிடந்து தவித்தது. முடியும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். போன் அடித்தது.

"பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்" என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. "நான் இன்னும் இங்கதான் உக்காந்திருக்கேன். எந்தப் புண்ணியவான் வேலையோ, விமானம் லேட்டு."

"நான்தான்" என்று ஆரம்பித்து, மென்று விழுங்கி நடந்ததைச் சொன்னார்.

"இப்ப சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்ப ஏறுறேன்" என்றாள். "மிச்சத்தை வந்து வச்சுக்கறேன்."