முன்னிருக்கைக் காவல்

நித்திரையை வென்ற ஆள் என்று ஸ்ரனிஸ்லாஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். அது வெறும் வாய்வீச்சு இல்லை. பேசாலையில் பிறந்து, இளவயதில் சரக்குக் கப்பல் ஏறி, எஞ்சின் அறையில் வருடக்கணக்காக இராக்காவல் பார்த்தவர். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு டென்மார்க் கதவைச் சாத்துவதற்குக் கொஞ்சம் முந்தி ஓகூஸ் துறைமுகத்தில் இறங்கினார். பிறகு கப்பல் பக்கம் திரும்பவில்லை. டேனிஷ் படித்தார், பஸ் லைசென்ஸ் எடுத்தார், வைலேயில் ஒரு சின்னத் தனியார் பஸ் கம்பனியில் சாரதியானார். மன்னாரிலிருந்து யசிந்தாவை அழைத்துக் கல்யாணமும் கட்டிக்கொண்டார்.

கம்பனியின் நிரந்தர வாடிக்கை ஊர் ஹேண்ட்போல் கழகம். உதைபந்தாட்டத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து கையால் ஆடுவதுபோல் ஒரு விளையாட்டு. கழகத்தின் பெண்கள் அணி நாட்டின் முதல் பிரிவில் ஆடியது. முதல் பிரிவு என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி பல் வைத்தியரிடம் உதவியாள், இரண்டு பேர் தொழிற்சாலையில். விடிந்தால் எல்லோருக்கும் வேலை. ஆட்டங்கள் ஞாயிறு பின்னேரம் நடந்த வரைக்கும் அதில் ஒரு தொல்லையும் இருக்கவில்லை. கோப்பன்ஹேகனில் ஆடிவிட்டு, பஸ்ஸோடு கப்பலேறிக் கடல் தாண்டி, பாண் துண்டு தின்று, பாட்டுப் பாடிக்கொண்டு, படுக்கை நேரத்துக்கு வைலே வந்து சேர்ந்துவிடுவார்கள்.

தொலைக்காட்சி வந்து அதைக் கெடுத்தது. அந்த நாளில் நாடு முழுவதுக்கும் ஒரே அலைவரிசைதான். அதில் முகம் தெரிந்தால் கழகத்துக்கு மதிப்பு, ஆதரவு தரும் கடைக்காரருக்குச் சந்தோஷம். ஆகவே தொலைக்காட்சி கேட்ட நாளில், கேட்ட நேரத்தில் ஆட்டம். அவர்கள் கேட்டது வாரநாளில், இரவுச் செய்தி முடிந்த பிறகு. வீட்டில் சோபாவில் சாய்ந்து கோப்பி குடிக்கிறவருக்கு அது வசதியான நேரம். ஆடுகிறவள் அதற்குப் பிறகு பாதி நாட்டையும் நடுவில் ஒரு கடலையும் கடந்து வீடு போகவேண்டும் என்பதைக் கமெராவுக்குப் பின்னால் நின்ற ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பெண்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இரவுப் பயணத்தில் சாரதிக்குப் பக்கத்திலிருந்த மடக்கு இருக்கையில் ஒருத்தி முறை வைத்து உட்காருவாள். வைலே வரும்வரை அவரோடு கதைத்துக்கொண்டு வருவது அவள் பொறுப்பு. மற்றவர்கள் இருக்கைகளிலும், நடைவழியில் விரித்த மெத்தைத் துண்டுகளிலும் படுத்துவிடுவார்கள். முன்னிருக்கைக் காவல் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஸ்ரனிஸ்லாஸுக்கு அது மானப் பிரச்சினை. நித்திரையை வென்ற ஆளுக்குக் காவலா? ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் கரிசனை அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

அந்த இருக்கையில் அவருக்கு மிகவும் பிடித்த காவல்காரி கியர்ஸ்டன். அணியின் கோல்காப்பாளர். பெரிய கை, பெரிய சிரிப்பு. தாய் இங்கரோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. விடிகாலையில் கஞ்சி அடுப்பை மூட்டுவது அவள்தான். ஸ்ரனிஸ்லாஸ் இராப்பயணத்தில் செபமாலை சொல்வார். கப்பலில் பழகிய பழக்கம், கண் அசராமல் இருக்க நல்ல மருந்து. முதல்பாதியை ஒருவர் சொல்ல மறுபாதியை மற்றவர் சொல்லும் செபம் அது. கியர்ஸ்டன் கத்தோலிக்கச்சியும் இல்லை, அவளுக்குத் தமிழும் தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டு மறுபாதி அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அவள் வாயில் தமிழ் படாத பாடு படும். ஸ்ரனிஸ்லாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மணிக்குப் போவார்.

சனவரி முடிவில் அவளுடைய சிரிப்பு குறைந்தது. இரவு ஆட்டங்களுக்குப் பிறகு இரண்டு தரம் பிந்திப் போய்விட்டாள். சமையலறைத் தலைவி கூப்பிட்டு, இனி ஒருமுறை கஞ்சி பிந்தினால் நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாளாம். வைலேயில் அப்போது வேறு வேலை என்பது வாயால் சொல்லுகிற மாதிரி லேசு இல்லை. தாய் நோயாளி, வீட்டில் உழைப்பு அவள் ஒருத்தியுடையது.

"கவலைப்படாதே. பஸ் என் கையில் இருக்கும்வரைக்கும் நீ ஒருநாளும் பிந்த மாட்டாய்" என்று ஸ்ரனிஸ்லாஸ் டேனிஷில் சொன்னார்.

பெப்ரவரியில் கோப்பன்ஹேகனில் ஒரு ஆட்டம். அதுவும் தொலைக்காட்சி ஆட்டம்தான். இரவுப் பயணம் இருக்கிற நாளில் ஸ்ரனிஸ்லாஸ் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரைச்சீலையை இழுத்துப் படுப்பார். அன்றைக்கு அவர் கோட்டை மாட்டுவதைக் கண்டு யசிந்தா வாசலை மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, படுக்காமல் எங்க வெளிக்கிடுறியள்?"

"காம்பில தேவராசாவுக்குப் பல்லுக்கொதி. டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகோணும். பாசை தெரியாமல் நிண்டு முழுசுவான்."

"வேற ஆக்கள் இல்லையே?"

"ஆரை எனக்கு முந்தி வந்த ஆள் எண்டு காட்டப் போறாய்? ஸ்ரனி அண்ணை எண்டு போன் எடுக்கிறாங்கள். ஏலாது எண்டு எந்த வாயால சொல்லுறது? நித்திரை எங்க போகப் போகுது, கப்பலிலை படுத்தால் சரி."

அகதிகளாகத் தமிழ்ப் பொடியன்கள் வந்து குவிந்த காலம் அது. வைலேயைச் சுற்றி அவர்களுக்கு இருந்த ஒரே வாய் ஸ்ரனிஸ்லாஸுடையது. பல் பிடுங்கி, மருந்து எடுத்து, தேவராசாவைத் திரும்ப முகாமில் விட்டபோது பஸ் எடுக்கிற நேரம் வந்துவிட்டது. படுக்கை அப்படியே கிடந்தது.

ஆட்டத்தில் வைலே வென்றது. கியர்ஸ்டன் பிடித்த பந்துகளைப் பார்த்து எதிர் அணியின் ஆட்களே கைதட்டினார்கள். அதுதான் வினையாய்ப் போயிற்று. முடிந்த கையோடு பஸ் கிளம்பினால் நல்ல கப்பலைப் பிடிக்கலாம். ஆனால் தொலைக்காட்சிக்காரர் கோல்காப்பாளரைப் பேட்டி காணவேண்டும் என்றார்கள். விளக்கைச் சரிபார்த்தார்கள், ஒலிவாங்கியைச் சரிபார்த்தார்கள், வியர்வை காயாத பெண்ணைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வாசலில் நின்று ட்ரேனருக்குக் கையைக் காட்டினார். ட்ரேனர் தோளைக் குலுக்கினார். தொலைக்காட்சியை அவசரப்படுத்த அவரால் முடியுமா?

கொர்சூர் துறையில் அவர்கள் கண்டது அந்தக் கப்பலின் பின்விளக்குகளை. அடுத்தது கடல் பனிக்கட்டியால் பிந்தி வந்தது, பிந்திப் புறப்பட்டது. கப்பலில் சாரதி இருக்கும் நேரம் சட்டப்படி ஓய்வு. சட்டம் எழுதியவர் கப்பலில் வேலை பார்த்த மனிதர் இல்லை. பனிக்கட்டி உடைந்து கப்பலின் இரும்பில் உரசும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஸ்ரனிஸ்லாஸுக்குள் இருந்த பழைய எஞ்சின் காவல்காரன் எழும்பி உட்கார்ந்தான். கரை இறங்கும்போது அவருடைய கண்ணில் மணல் போட்டதுபோல் இருந்தது.

கப்பல் இறக்கிவிடும் ஃபூன் தீவில் வழக்கமாக ஒரு இடத்தில் நிறுத்திக் கோப்பி குடித்து, பஸ்ஸைச் சுற்றி நடந்து, முகம் கழுவுவார். அன்று நிறுத்தவில்லை. நிறுத்தினால் கஞ்சி பிந்தும்.

அன்றைக்கு முன்னிருக்கை கியர்ஸ்டனுடைய முறை. வந்து உட்கார்ந்தாள். கதைத்தாள். நடுநடுவே அவள் தலை முன்னால் விழுந்து விழுந்து நிமிர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஸ்ரனிஸ்லாஸுக்கு மனம் பொறுக்கவில்லை. விடிந்ததும் அடுப்படியில் நிற்கவேண்டிய பிள்ளை, எனக்காக முழித்திருக்கிறதே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

"போய்ப் படு பிள்ளை" என்றார். பிள்ளை என்ற சொல் மட்டும் தமிழில் வந்தது.

"என்னுடைய முறை, ஸ்டானி."

"நான் கப்பல்காரன். எனக்குக் காவல் வேண்டாம். போ. வைலேயில் நானே எழுப்புகிறேன்."

அவள் இன்னொருத்தியை எழுப்பட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். அவள் போய் நடைவழியில் மெத்தைத் துண்டில் படுத்தாள். ஸ்ரனிஸ்லாஸ் செபமாலையைத் தொடங்கினார், முதல்பாதியும் மறுபாதியும் தானே சொன்னார். தீவை வைலேப் பக்கத்தோடு இணைக்கும் சின்ன பெல்ட் பாலத்தைத் தாண்டியது அவருக்கு நினைவிருக்கிறது. பிறகு எந்த மணியில் குரல் நின்றது என்று அவருக்குத் தெரியாது. "ஸ்டானி!" என்று யாரோ கத்தியது மட்டும் காதில் விழுந்தது. கண்ணைத் திறக்கையில் பாதை இடதுபக்கமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது.

பஸ் பாதையோரப் பள்ளத்தில் இறங்கி, உறைந்த வயலில் பக்கவாட்டாகச் சாய்ந்து விழுந்தது. ஒருத்திக்குக் கை முறிந்தது, இரண்டு மூன்று பேருக்கு நெற்றி வெடித்தது. ஸ்ரனிஸ்லாஸுக்கு ஒரு கீறலும் இல்லை. முன்னிருக்கையும் அப்படியே இருந்தது. கியர்ஸ்டன் மட்டும் இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரி நடைவழியில் அணித் தலைவி லோன கையில் கட்டோடு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கியர்ஸ்டன் படுத்த மெத்தைக்கு அடுத்த இருக்கையில் இருந்தவள் அவள்.

"அவள் தூங்கவேயில்லை, ஸ்டானி" என்றாள் லோன. "படுத்துக்கொண்டே உன் செபத்துக்கு மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். உனக்குக் கேட்டிருக்காது. உன் குரல் நின்றது. அவள் பதிலைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு துள்ளி எழும்பி உன்னிடம் ஓடி வந்தாள். பஸ் சாயும்போது நின்றது அவள் ஒருத்திதான்."

ஸ்ரனிஸ்லாஸ் எழும்பிக் கழிவறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஊரென்றால் தலையில் அடித்துக் குழறியிருப்பார்.

அன்று இரவுச் செய்தியில் அவளைக் காட்டினார்கள். சுவரோரம் நின்று, வியர்வை வழியச் சிரித்துக்கொண்டு, நாளைக்கு விடிய வேலை இருக்கிறது என்று அவள் சொல்லும் துண்டு. பிறகு வானிலை அறிக்கை. கழகம் ஒரு ஆட்டத்தைத் தள்ளிவைத்தது. அதற்கடுத்த ஆட்டம் தொலைக்காட்சி கேட்ட நாளில், செய்தி முடிந்த பிறகு நடந்தது. பஸ்ஸுக்கு வேறு சாரதி வந்திருந்தார்.

பொலிஸ் கேட்டபோது ஸ்ரனிஸ்லாஸ் எதையும் மறைக்கவில்லை. நான் தூங்கினேன், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை, முன்னிருக்கையில் இருந்தவளை நானே அனுப்பினேன் என்றார். லைசென்ஸ் போயிற்று. வழக்கு இன்னும் வரவிருந்தது. யசிந்தா அவரோடு கோபிக்கவில்லை. தேவராசாவின் பல்லைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்த கிழமை அவர் இங்கரைப் பார்க்கப் போனார். "நானும் வாறன்" என்று யசிந்தா வெளிக்கிட்டாள். அவர் வேண்டாம் என்றார். போகும் வழி முழுக்கச் சொல்லவேண்டியதை டேனிஷில் கட்டிக்கட்டிப் பார்த்தார். நான் அனுப்பியும் அவள் தூங்கவில்லை. எனக்குக் காவல் இருந்தாள். என்னை எழுப்ப ஓடி வந்தாள். அதை அறியும் உரிமை தாய்க்கு உண்டு என்று அவர் நினைத்தார். கதவைத் திறந்து அவள் முகத்தில் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

இங்கர் துப்பவில்லை. கோப்பி ஊற்றினாள். சுவரில் கியர்ஸ்டனின் வேலைக் கோட்டு தொங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"நீ அவளைப் படுக்கச் சொன்னாயாம். பொலிஸ்காரர் சொன்னார்."

"ஆம். அவளுடைய முறை. நான்தான் அனுப்பினேன்."

"நான் ஒன்றுதான் அறியவேண்டும். அவள் தூங்கிக்கொண்டிருந்தாளா?"

ஸ்ரனிஸ்லாஸ் கோப்பியைக் கீழே வைத்தார்.

"இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஒரு இரவு ஒழுங்காகத் தூங்கியதில்லை" என்றாள் இங்கர். "சப்பாத்தோடு கதிரையில் இருந்து விடிகிறவரை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்காவது தூங்கினாளா? ஒன்றும் தெரியாமல் போனாளா?"

கட்டிவைத்த டேனிஷில் ஒரு வரியையும் அவர் எடுக்கவில்லை.

"தூங்கிக்கொண்டிருந்தாள்" என்றார். "நல்ல தூக்கம். நான் கண்ணாடியில் பார்த்தேன்."

இங்கர் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தாள். நன்றி என்றாள். அந்தக் கை விடும்வரைக்கும் அவர் அசையாமல் இருந்தார். லோன ஒருநாளும் அந்தத் தாயிடம் வாய் திறக்கவில்லை. அதை ஸ்ரனிஸ்லாஸ் அவளிடம் கேட்டுக்கொண்டதும் இல்லை.

பிறகு அவர் பக்கத்து ஊரான ஹோர்சன்ஸில் ஒரு களஞ்சியத்தில் பகல் வேலைக்குப் போனார். நித்திரையை வென்ற ஆள் என்று யாரிடமும் சொல்வதை விட்டார். மாலையில் வீட்டில் செபமாலை சொல்லும்போது குடும்பத் தலைவர்தான் முதல்பாதியைத் தொடங்கவேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். பகல் வேலைக்குப் போன முதல் மாலையே யசிந்தா காத்திருந்து பார்த்தாள். அவர் மணியைப் பிடித்தபடி பேசாமல் இருந்தார். கடைசியில் அவளே தொடங்கினாள். ஸ்ரனிஸ்லாஸ் மறுபாதியைச் சொன்னார். அன்று தொடக்கம் அவர் மறுபாதியை மட்டுமே சொன்னார்.